தரங்கம்பாடிக் கோட்டையும் திண்ணைப் பள்ளியும்

கொழும்பு மாநகரில் வாழும் நமக்குக் கோட்டை என்பது ஒரு புகையிரத நிலையத்தின் பெயர். வெள்ளவத்தையிற் பஸ் ஏறும் மாணவன் "கோட்டைக்கு ஒரு ரிக்கற்" என்று கேட்கிறான். அங்கே மதில் உண்டா, அகழி உண்டா என்று அவன் ஒருநாளும் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணினும் காண்பதற்கு அதிகம் இல்லை. போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் விரிவாக்கிய மதில்களை ஆங்கிலேயர் 1870ஆம் ஆண்டையொட்டித் தகர்த்து நிலத்தோடு நிலமாக்கினர். கல் போயிற்று, பெயர் நின்றது. இதற்கு நேர்மாறாகக் கல் நின்று காவற்பொருள் போய்விட்ட கோட்டை நகரம் ஒன்று பாக்குநீரிணைக்கு அப்பால், சோழநாட்டுக் கடற்கரையில் இருக்கின்றது. தரங்கம்பாடி என்பது அதன் பெயர்.

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை தருக எனப் பழைய மாணவர் பணித்தபோது, தமிழாசிரியராகிய எம்மிடமிருந்து இலக்கண ஆராய்ச்சி ஒன்றையே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். புணர்ச்சி விதிகளை வகுப்பறையிற் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்களுக்கு விழா நாளிலும் அதனையே பரிமாறுதல் அறமாகாது என்று கருதி, யாம் கண்டுவந்த ஊரொன்றைப் பற்றி எழுதத் துணிந்தோம். எனினும் ஆசிரியத் தொழிலை விட்டு அகன்று எழுத எம்மால் இயலவில்லை என்பதை வாசகர் போகப்போக அறிந்துகொள்வர்.

உறவினர் ஒருவரின் அறுபதாம் கலியாணத்தைத் திருக்கடையூர் அபிராமியம்மை சந்நிதியில் நடத்துவது என்று குடும்பத்தார் தீர்மானித்தனர். 2023ஆம் ஆண்டு ஒக்ரோபரிற் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்குமிடையே கப்பற் சேவை மீண்டும் ஆரம்பமாகியிருந்தமையால், ஆகாய விமானத்தை விடுத்து அவ்வழியே செல்லலாம் என்றனர் இளையோர். நாற்பது ஆண்டுக்கு மேலாக அடைபட்டிருந்த கடல்வழி அது. காலையிற் காங்கேசன்துறையில் ஏறியவர் மதிய உணவுக்கு நாகபட்டினத்தில் இறங்கிவிடலாம். சடங்குகள் இனிது நிறைவேறிய மறுநாள், பெண்டிர் புடைவைக் கடைகளை நோக்கிப் புறப்பட, யாம் மருமகன் ஒருவனை மட்டும் துணைக்கழைத்துக்கொண்டு தெற்கே பத்துக் கிலோமீற்றர் அளவில் உள்ள தரங்கம்பாடிக்குச் சென்றோம்.

முதலில் ஊர்ப்பெயரைத் தெளிந்துகொள்வோம். "அலைகள் பாடும் ஊர்" என்று வழிகாட்டிகளும் விளம்பரத் தாள்களும் இதற்குப் பொருள் உரைக்கின்றன. கேட்க இனிமையாக இருக்கின்றது. ஆனால் ஆயர்பாடியிற் பாடியது யார் என்று எம் மருமகன் வழிகாட்டியைக் கேட்டுவிட்டான்! பாடி என்பது பாடுதலைக் குறிக்கும் வினையன்று. குடியிருப்பைக் குறிக்கும் பழந்தமிழ்ப் பெயர். தரங்கம் அலை என்னும் பொருள் தருவது உண்மையே. ஆயினும் இவ்வூரின் பழம்பெயர் சடங்கன்பாடி என்பது. கடற்கரையில் உள்ள மாசிலாமணிநாதர் கோயிலில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்து 1306ஆம் ஆண்டுக் கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கின்றது. பின்வந்த ஐரோப்பியரின் நாவில் அது திராங்கபார் ஆயிற்று. அக்கோயிலின் முன்பகுதியைக் கடல் சிறிது சிறிதாக அரித்துக் கொண்டுபோய்விட்டது.

டேனியர் இங்கு வந்த கதையிலே நம் இலங்கைக்கும் பங்கு உண்டு. 1616ஆம் ஆண்டிலே டென்மார்க் அரசன் நான்காம் கிறித்தியான் கிழக்கிந்தியக் கம்பனி ஒன்றை நிறுவ இசைவளித்தான். அக்கம்பனி அனுப்பிய கப்பற்படை முதலில் நாடி வந்தது தஞ்சையை அன்று, கண்டியை. போர்த்துக்கேயரை விரட்டுதற்குத் துணை தேடிய கண்டி மன்னனின் தூதுவன் என்று சொல்லிக்கொண்டு ஐரோப்பாவிலே திரிந்த ஒல்லாந்தன் ஒருவன், அளவிறந்த வாக்குறுதிகளை அளித்து டேனியரை இசையச் செய்திருந்தான். அவன் நடுவழியிலே இறந்துபோனான். தளபதி ஓவே கெட்டே 1620இல் இலங்கையை அடைந்தபோது, இறந்தவன் அளித்த வாக்குகளை ஏற்கச் செனரத் மன்னன் ஒருப்படவில்லை. திருகோணமலையிற் கோட்டை ஒன்று அமைக்க முயன்று அதனையும் கைவிட்ட கெட்டே, தஞ்சை நோக்கிச் சென்றான். அங்கே இரகுநாத நாயக்கன் கடற்கரைச் சிற்றூர் ஒன்றை அவனுக்கு அளித்து, 1620 நவம்பரில் உடன்படிக்கை செய்தான். பொன்னேட்டிலே தமிழில் எழுதப்பெற்ற அவ்வரசனின் திருமுகம் கோப்பன்கேகன் நகர ஆவணக் காப்பகத்திலே பாதுகாக்கப்படுகின்றது. கண்டியிலே காரியம் கைகூடியிருந்தால் இக்கோட்டை கோணேசர் மலையடியில் எழுந்திருக்கும். யாமும் இக்கட்டுரைக்காகக் கடல் கடந்திருக்க வேண்டியதில்லை.

அவர்கள் கட்டிய கோட்டைக்கு டான்ஸ்போர்க் என்று பெயர். டேனியர் கோட்டை என்பதே அதன் பொருள். யாழ்ப்பாணத்து ஒல்லாந்தர் கோட்டையின் ஐங்கோண மதிலையும் ஆழ்ந்த அகழியையும் கண்டு பழகிய கண்ணுக்கு இது மிகச் சிறியது. கடலை நோக்கிய ஒரு மாடிக் கட்டடம், அதன்முன் ஒரு முற்றம், முற்றத்தைச் சூழ்ந்து கொத்தளங்கள், அவ்வளவே. கீழ்த்தளத்திலே பண்டகசாலையும் சிறையும் இருந்தன. மேல்தளத்திலே ஆளுநரும் பாதிரியாரும் வசித்தனர். வழிபாட்டிடமும் அங்கேயே அமைந்திருந்தது. மிளகுப் பொதி கீழே, ஆண்டவன் மேலே என்று மருமகன் நகைத்தான். வணிகக் கம்பனி ஒன்றின் உள்ளக்கிடக்கையை இதனினும் சுருங்கச் சொல்லல் அரிது.

இக்கோட்டையின் வரலாற்றில் எம் மனத்தைப் பெரிதும் கவர்ந்தவர் ஆளுநர் எவருமல்லர். எசுக்கில் கொங்சுபாக்கே என்ற எளிய போர்வீரர். டென்மார்க்கிலே போர்களும் பணமுடையும் மிகுந்து, கம்பனி நொடித்துப்போய், 1650இல் அரசனே அதனைக் கலைத்துவிட்டான். கால் நூற்றாண்டுக்கு மேலாக டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பலேனும் இத்துறைக்கு வரவில்லை. இருந்தவர்கள் ஒவ்வொருவராக மாய்ந்தனர். 1655ஆம் ஆண்டளவிற் கோட்டையில் எஞ்சிய டேனியர் இவர் ஒருவரே. இவர் எழுத்தறிவு இல்லாதவர் என்பர். தாயகம் மறந்துவிட்ட கோட்டையைத் தனியொருவராகக் காத்துக்கொண்டு, ஊர்மக்களின் துணையோடு நகரைச் சுற்றி மதில் எழுப்பி, தஞ்சைப் படையைத் தடுத்து நின்றார். செலவுக்கு வங்கக் கடலிலே கப்பல்களைப் பிடித்து விற்றார் என்பதையும் மறைத்தல் கூடாது. நம் முன்னோர் அதனைக் கடற்கொள்ளை என்றே சொல்லியிருப்பர். 1669இல் டேனியக் கப்பல் ஒன்று வந்து சேர்ந்தபோது, கோட்டையின்மேல் டேனியக் கொடி பறந்துகொண்டுதான் இருந்தது. அரசன் மறந்தும் ஒருவன் மறவாதிருந்த அந்தப் பதினான்கு ஆண்டுகளைப் பற்றி நாடகம் ஒன்று எழுதலாம். நம் கல்லூரி நாடக மன்றத்தார் கவனிப்பாராக.

இனி எம் பயணத்தின் உண்மையான நோக்கத்துக்கு வருவோம். 1706ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9ஆம் நாள், ஜெர்மானியர் இருவர் இக்கரையில் இறங்கினர். ஒருவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. மற்றவர் ஹென்றிக் புளூட்சோ. டேனிய அரசன் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய புரட்டஸ்தாந்த சமயப் போதகர்கள் அவர்கள். சீகன்பால்கு ஐயருக்கு மறுநாள் 24 வயது நிறைவு. அவர் பிறந்த புல்ஸ்னிற்சு என்பது சாக்சனி நாட்டிலே மாளிகைக் கோட்டை ஒன்றை உடைய சிற்றூர். வாசனைத் திரவியங்கள் இட்டுச் சுடும் ஒருவகை இனிப்பு ரொட்டிக்கு அவ்வூர் இன்றும் பேர்பெற்றது. 1558ஆம் ஆண்டிலேயே அவ்வூர்ப் பேக்கரிக்காரர் அதனைச் சுடும் உரிமை பெற்றுவிட்டனர். மிளகு ரொட்டி என்பதே அதன் ஜெர்மானியப் பெயர். மிளகு ரொட்டி தின்று வளர்ந்த பிள்ளை மிளகு வாணிகரின் துறைக்கு வந்து சேர்ந்தது என்று மகிழலாம். ஆனால் கம்பனி வணிகர் அவ்வரவை விரும்பவில்லை. சமயப் போதகர் வந்தால் ஊர்மக்கள் சினந்து வாணிகம் கெடும் என்று அவர்கள் அஞ்சினர்.

தமிழ் அறியாது வந்த அவர் தமிழ் கற்றவாறு யாது? அழகப்பன் என்ற பெயருடைய துபாசி ஒருவர் உதவினார். அவர் ஐரோப்பிய மொழிகள் பலவற்றைப் பேச வல்லவர். அதற்கும் முன்னதாக, முதிய தமிழாசிரியர் ஒருவர் தம் திண்ணைப் பள்ளியையே பிள்ளைகளோடு சீகன்பால்கு ஐயரின் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்ள இசைந்தார். அந்த ஜெர்மானியர் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலைப் பரப்பி, விரலால் அகர முதலிய எழுத்துகளை எழுதிப் பழகினார். ஐரோப்பியப் பல்கலைக்கழகத்திற் பயின்றவர், ஏழு வயதுப் பாலகரோடு ஒரு வரிசையில்! ஆண்டு இரண்டு கழியுமுன் தமிழ்ச் சுவடிகளைச் சேர்த்து அட்டவணை ஒன்று தொகுத்தார்; 119 தமிழ் நூல்கள் அதிற் குறிக்கப்பெற்றுள்ளன, தொல்காப்பியமும் திருக்குறளும் உட்பட. காலை 8 மணி முதல் நண்பகல் 12 மணிவரை புலவர் ஒருவரையும் எழுத்தர் ஒருவரையும் அருகிருத்தித் தமிழ் நூல்களையே படித்ததாக அவர் தம் கடிதத்தில் எழுதுகிறார்.

1708இல் அவர் ஜெர்மன் மொழியிற் பெயர்த்த தமிழ் நூல்கள் எவை என்று பாருங்கள்: நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி. இவை சமயத் தருக்கம் புரிவதற்கென்று ஒருவர் தேர்ந்தெடுக்கும் நூல்களா? திண்ணைப் பள்ளியில் எழுத்துக் கூட்டி முடித்த பிள்ளைக்கு ஆசிரியர் அடுத்துக் கொடுக்கும் நூல்கள் அல்லவா! எம்மைக் கேட்டால், அப்பெயர்ப்புகளில் நாம் காண்பது சீகன்பால்கு ஐயரின் கையை மட்டுமன்று. அவரைத் தரையில் இருத்திய முதியவரின் பாடத்திட்டத்தையும் ஆகும். மாணவன் யாராயினும், வந்த நோக்கம் யாதாயினும், பாடம் ஒழுங்காகவே நடந்திருக்கின்றது.

அந்த ஆசிரியரின் பெயர் யாது என்று தேடினோம். சீகன்பால்கு ஐயர் வாழ்ந்த இல்லம் 2017 முதல் அருங்காட்சியகமாக விளங்குகின்றது. கரை இறங்கிய இடத்தில் அவருக்கு நினைவுச்சின்னம் உண்டு. அவர் எழுப்பி 1718இல் திறந்துவைத்த புதிய எருசலேம் ஆலயத்திலே, 1719 பெப்ரவரியில் 36 வயதில் மறைந்த அவருடைய கல்லறையும் உண்டு. முதியவர் பெயரைப் பொறித்த கல் ஒன்றும் எம் கண்ணிற் படவில்லை. அருங்காட்சியகத்தில் இருந்த பணியாளரை வினவினோம். "பள்ளிக்கூட வாத்தியார்னுதான் சார் சொல்வாங்க," என்றார். தொழிலே பெயராக நின்றுவிட்டது.

இவ்விடத்தில் எம் மனத்தை உறுத்தும் வினா ஒன்றை மறையாது கூறவேண்டும். அந்த முதியவர் தம் மொழியை யாருக்குக் கற்பித்தார்? தம் தெய்வங்களைப் பொய்யென்று சாற்ற வந்தவருக்கு. ஊரார் அவரை ஏசாதிருந்திருப்பரா? இவ்வினா எமக்குப் புத்தகத்தில் எழுந்ததன்று. 2007ஆம் ஆண்டிலிருந்து அரசாங்க சேவையிற் புதிதாகச் சேர்வோர் இரண்டாவது அரச மொழியிலும் தேர்ச்சி பெறல் வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அதன் காரணமாகச் சில ஆண்டுகளாய் மாலை வேளைகளிற் சிங்கள உத்தியோகத்தர்க்குத் தமிழ் கற்பித்து வருகிறோம். கச்சேரி எழுதுவினைஞர், தாதியர், பொலிசார் ஆகியோர் எம் மாணவர். கொட்டாஞ்சேனையில் எமக்கு அயலிலே வாழும் பெரியவர் ஒருவர், 1983 ஜூலையில் வீடும் கடையும் எரியக் கண்டவர், ஒருநாள் எம்மை வழியில் நிறுத்தி, "தம்பி, எங்கட கடிதங்களை உடைச்சு வாசிக்கத்தானே இவையள் தமிழ் படிக்கினம்? அதுக்கு நீரும் துணையோ?" என்று கேட்டார். அவர் கேட்டதிலே பிழை இல்லை. எரிந்த வீட்டின் முன் நின்றவருக்கு அவ்வாறு கேட்கும் உரிமை உண்டு. "ஐயா, படிக்க வந்தவரைப் போகச் சொல்ல எனக்குத் தெரியாது," என்று மட்டும் கூறி வந்தோம். அது விடையாகாது என்பது எமக்கே தெரிந்திருந்தது.

தரங்கம்பாடியிலே அவ்வினாவுக்கு ஒரு பாதி விடை கிடைத்தது எனலாம். தமிழ் கற்றவர் அதன்பின் முன்னிருந்தவராகவே இருக்கவில்லை. தமிழரின் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் விரிந்த நூல் ஒன்று எழுதினார். கண்டிக்க எழுதத் தொடங்கியவர், கேட்டவற்றைக் கேட்டவாறே நுணுக்கமாக எழுதிவைத்தார். அதனை ஹாலே நகரில் இருந்த அவருடைய தலைவர் பிராங்கே அச்சிட மறுத்துவிட்டார். அஞ்ஞானத்தை வேரறுக்க அனுப்பியவர் அதனை ஐரோப்பாவிற் பரப்புவதா என்பது அவர் சினம். அந்நூல் 1867இலேயே சென்னையில் அச்சேறிற்று. அன்றியும், தமிழ் மக்களுக்கு வினாக்கள் எழுதி அனுப்பி அவர்கள் தந்த மறுமொழிகளைப் பெயர்த்து அனுப்பினர் போதகர். அவற்றுள் 99 கடிதங்கள் ஹாலேயில் வெளியாயின. ஐரோப்பியர் ஒழுக்கத்தைப் பற்றி நம்மவர் அவற்றிலே அச்சமின்றிப் பேசுகின்றனர். தமிழ் மூலங்கள் அழிந்துபோயின. முந்நூறு ஆண்டுக்கு முன் வாழ்ந்த தமிழர் தம் சமயத்தைத் தாமே எடுத்துரைத்த சொற்களை இன்று நாம் ஜெர்மன் மொழியிலிருந்து மீட்டுப் படிக்க வேண்டியிருக்கின்றது. அந்த ஜெர்மன் மொழியாவது எஞ்சியிருப்பதற்குக் காரணம், மணலில் எழுதக் கற்பித்தவர் அல்லரோ?

மற்றப் பாதி விடையும் உண்டு; அது இனிப்பானதன்று. கற்ற தமிழைக் கருவியாகக் கொண்டே அவர் ஊரிற் பலரை மதம் மாற்றினார். குடும்பங்கள் பிளவுண்டன. அதனை அந்த முதியவர் கண்டிருப்பார்.

கோட்டையோ அவருக்கு உறுதுணையாக நிற்கவில்லை. ஏழைக் கைம்பெண் ஒருத்தியின் கடன் வழக்கிலே அவர் தலையிட்டார் என்று தளபதி ஹாசியஸ் வெகுண்டு, 1708 நவம்பரில் அவரைச் சிறையில் அடைத்தான். நான்கு மாதம் அவர் டான்ஸ்போர்க்கிலே அடைபட்டுக் கிடந்தார். அச்சிறையறையென்று காட்டப்படும் இடத்தில் யாம் சற்று நின்றோம். சுவருக்கு அப்பால் அலையோசை தெளிவாகக் கேட்கின்றது. விடுதலை பெற்றபின் அவர் செய்த பெரும் பணி அச்சுக்கூடம். தமிழ் எழுத்தில் முதன்முதல் நூல் அச்சேறியது 1578இற் கொல்லத்தில் என்பதை மாணவர் அறிவர். எனினும் அம்முயற்சி இடையிடையே அறுந்துபோயிற்று. 1713இல் ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் தரங்கம்பாடிக்கு வந்தன. அவை மிகப் பெரியன, தாளை விழுங்கின. தாளோ அரிது. ஆகவே இலண்டனிலிருந்து பாற்கட்டி அடைத்து வந்த ஈயப் பேழைகளை உருக்கிச் சிறிய எழுத்துகளை வார்த்தனர். 1715இற் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. அந்தத் தமிழ் நடை கரடுமுரடானது. வீரமாமுனிவர் அதனை எள்ளி எழுதியது எமக்கு வியப்பளிக்கவில்லை. ஆனால் அடுத்துவந்த நூற்றாண்டுகளில் அச்சு யாருக்கும் பொதுவாயிற்று. 1849இல் வண்ணார்பண்ணையிலே ஆறுமுகநாவலர் நிறுவிய வித்தியாநுபாலன யந்திரசாலை, அதே கருவியைச் சைவத்தின் கையிற் கொடுத்தது. நம் கல்லூரி போன்ற இந்துக் கல்லூரிகள் அந்த மரபின் பிள்ளைகள்.

ஊரின் பிற்கதையைச் சுருங்கச் சொல்லி முடிக்கலாம். 1792இல் எழுப்பிய நகரவாயில் இன்றும் அரச முத்திரையோடு நிற்கின்றது. ஐரோப்பியப் போர்களின்போது ஆங்கிலேயர் ஊரைக் கைப்பற்றிப் பின் திருப்பிக் கொடுத்தனர். இறுதியில் 1845இல் டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்கத்துச் சீராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாவுக்குக் கம்பனியாருக்கு விற்றுவிட்டது. கொங்சுபாக்கே தனியே நின்று காத்த கொடி அவ்வாறு இறங்கிற்று. பின் இருப்புப்பாதை நாகபட்டினத்துக்குப் போனது. வாணிகமும் அங்கே போனது. பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய வேதநாயகம் பிள்ளை இங்கே முன்சீப்பாக இருந்தவர் என்பதை நாவல் விரும்பும் மாணவர்க்காகக் குறித்துவைக்கிறோம். கோட்டை நெடுங்காலம் பிரயாணிகள் தங்கும் விடுதியாக இருந்தது. நாமாயின் வாடிவீடு என்போம். 1978இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையார் அதனை ஏற்றனர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கோட்டையை விட்டுவைத்து, அருகிருந்த மீனவர் குடியிருப்பை வாரிச் சென்றது. அந்நாளை நம் கீழைக்கரையார்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

மாலையில் மீனவச் சிறுவர் கோட்டை முற்றத்துக்கு வெளியே பந்தாடிக்கொண்டிருந்தனர். இராசவீதி வழியாக மெல்ல நடந்து நகரவாயிலைக் கடந்து பஸ் தரிப்பிடத்துக்கு வந்தோம். திருக்கடையூருக்கு மணிவிழாவுக்காகச் செல்லும் பழைய மாணவர் அரைநாளை இவ்வூருக்கு ஒதுக்குவாராக. முற்பகலிற் செல்வது நன்று. கடற்கரையில் நிழல் குறைவு. கோட்டையைக் கண்டபின் அருங்காட்சியகத்துக்குச் செல்பவர், வாத்தியார் பெயரை ஒருமுறை கேட்டுப் பார்க்கவும். அறிந்தோர் எவரேனும் கூறினால் எமக்கு எழுதியனுப்புக. புதன்கிழமை மாலை வகுப்பில், ழகரத்தோடு போராடிக்கொண்டிருக்கும் எம் மாணவர்க்கு அப்பெயரைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவோம்.